ருக்ஷானா சொல்லாமல் விட்ட பாதி

ருக்ஷானாவுக்குக் கோபம் வந்தால் சங்கராபுரம் கடைத்தெருவே ஒதுங்கி நிற்கும். பிள்ளைக்குப் புற்றுநோய் என்று கேட்டதும் தம்ளரைத் தனியாக எடுத்துவைத்த சொந்தக்காரி, முகக்கவசம் போட்ட குழந்தை பக்கத்தில் உட்கார மாட்டேன் என்ற பஸ் பயணி, எல்லாரும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். அவள் மகன் சுஐப்புக்கு நாலு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. மூன்று வருஷம் பாண்டிச்சேரிக்கு அலைந்து அவனைப் பிழைக்கவைத்தாள். அதற்குப் பிறகு கல்வராயன் மலையில் எந்தப் பிள்ளைக்கு அந்த நோய் என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவது இவள்தான். எந்த வரிசையில் நிற்பது, எங்கே தங்குவது, வாய்ப்புண் வந்த பிள்ளைக்கு என்ன ஊட்டுவது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவர்களுடைய துணிக்கடையை அவள் கணவர் பஷீர் அகமது பார்த்துக்கொண்டார்.

அந்தத் திங்கட்கிழமை கடைக்கு வந்த மலைக்காரப் பெண் ஒருத்தி, வெங்கடேசன் குடும்பத்தோடு குடகுக்குக் காப்பி பறிக்கப் போகிறான், பஸ் ஸ்டாண்டில் நிற்கிறான் என்றாள். அவன் மகள் ஷாலினிக்கு ஆறு வயது; அவளுக்கும் அதே நோய், ருக்ஷானாதான் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போய்வந்தாள். வியாழக்கிழமை அவளுக்கு அடுத்த ஊசி. அதை விட்டுவிட்டு எஸ்டேட்டுக்குள் போனால் மாசக்கணக்கில் மருந்து இருக்காது. நோய் திரும்பினால் பிள்ளையை மீட்பது பெரும்பாடு.

ருக்ஷானா ஸ்கூட்டியை முறுக்கினாள். வழியெல்லாம் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே போனாள்.

"இன்னா வெங்கடேசா, புள்ளைய சாவடிக்கக் கூட்டிக்கினு போறியா?"

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. அவன் மனைவி பெரியம்மாள் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். ஷாலினி முகக்கவசத்தைக் கழுத்தில் தொங்கவிட்டு முறுக்கு கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஊசி குத்த எடமில்லாம ஒரு மாசம் கெடந்துச்சே இந்தப் புள்ள. அதெல்லாம் வீணா? உனுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள். வெங்கடேசனுக்கும் கோபம் வந்தது.

"நீங்கதானக்கா சொன்னீங்க, சீக்கு போயிடுச்சினு. ஜிலேபி கூட வாங்கிக் குடுத்தீங்களே. போன சீக்குக்கு இன்னாத்துக்கு ஊசி?"

உண்மைதான். ஷாலினியின் சிகிச்சையில் முதல் மாசம் முடிந்து பரிசோதனை பார்த்த டாக்டர், இப்போது தெரிகிற அளவுக்கு நோய் இல்லை என்றார். அந்த வார்த்தைக்கு ருக்ஷானா அழுதேவிட்டாள். இன்னும் ரெண்டு வருஷத்துக்கு மேல் மருந்து வேண்டும் என்று அவர் சேர்த்துச் சொன்னதை அவள் இவர்களிடம் சொல்லவில்லை. சுஐப்போடு அலைந்த அவளுக்கு அது பழகிய விஷயம். எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டாள். அடுத்த ஊசிக்குத் தேதியைச் சொன்னாள், ஏன் என்று சொல்லவில்லை.

ஊரையே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டவளுக்குத் தன்னை என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை. எரிச்சல் உச்சிக்கு ஏறியது.

"தப்பு என்னோடதுதான்," என்றாள், அதே கடுப்பான குரலில். "மரவள்ளிக் காட்டுல கோரைப் புல்ல மேலாக்க கிள்ளிட்டா போயிடுமா?"

"எப்பிடிக்கா போவும்? கோரைக் கெழங்கு கீழ கெடக்குமே."

"அதான். மேல தெரிஞ்சதுதான் போச்சு. கீழ கெடக்கறத எடுக்கத்தான் ஊசி. இன்னும் ரெண்டு வருசத்துக்கு மேல ஆவும். இத அன்னிக்கே சொல்லாம நான் ஜிலேபி வாங்க ஓடினேன்."

பெங்களூரு பஸ் வந்தது. ஆள் கூட்டிப் போகிற மேஸ்திரி படியில் நின்று அவசரப்படுத்தினான். பெரியம்மாள் மூட்டையை அவிழ்த்துத் தன் துணியையும் மகள் துணியையும் தனியே எடுத்தாள்.

"நீ மட்டும் போ. நாங்க வரல," என்றாள் புருஷனிடம்.

"வியாழன் வரைக்கும் எங்க வூட்ல இருக்கட்டும்," என்றாள் ருக்ஷானா.

வெங்கடேசன் மகளின் முகக்கவசத்தை மூக்குவரை ஏற்றிவிட்டுப் பஸ்ஸில் ஏறினான். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

"ஊசி போட்டதும் போன் பண்ணுங்கக்கா. போயிடுச்சினு மட்டும் சொல்லாதீங்க."

ருக்ஷானா சரி என்றாள்.