எகிப்தை ஆசியாவில் சேர்த்தவர்

அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து பட்டா மாறுதல் மனுவுக்கு முத்திரை குத்த வேண்டிய ஆளுக்குத் துருக்கி எந்தக் கண்டத்தில் இருக்கிறது என்று கட்டாயம் தெரிந்திருக்க வேண்டுமாம். எங்கள் பக்கத்து ராசிங்காபுரத்தில் உழுது பிழைக்கும் சம்சாரி யாராவது நாளைக்கே துருக்கியில் நாலு ஏக்கர் வாங்கிவிட்டால் என்ன செய்வது? அரசாங்கம் எல்லாவற்றையும் யோசித்துத்தான் பாடத்திட்டம் போடுகிறது. அதை மதித்து நானும் முப்பத்து மூன்று வயதில் உலகப் படத்தைத் தரையில் விரித்துப் போட்டு உட்கார்ந்தேன்.

நாட்டுக்குச் சேவை செய்யும் ஆசை எல்லாம் எனக்குக் கிடையாது. கல்யாணமாகி ஒன்பது வருடம். என் வீட்டுக்காரருக்குப் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை. காய் உலர்த்தித் தரம் பிரிக்கும் ஸ்டோருக்கு அவர்தான் மேற்பார்வை. சனிக்கிழமை சாயங்காலம் ஜீப்பில் போடிக்கு இறங்குவார், திங்கட்கிழமை விடிகாலை ஜீப்பில் ஏறுவார். வாரத்துக்கு ஒன்றரை நாள் புருஷன். "ஒனக்கு ஒரு கவர்மெண்டு வேலை கெடைக்கட்டும், மறுநாளே நான் மூட்டை கட்டி எறங்கிர்றேன்" என்று அவர் சொல்லியிருந்தார். நான் படித்தது அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

படிப்புக்கு அட்டைகள் எழுதித் தந்ததும் அவர்தான். என் கையெழுத்து அப்படி. ராத்திரி எழுதியதைக் காலையில் நானே ஊகித்துத்தான் படிக்க வேண்டும். அவர் எழுத்தோ அச்சு. சாக்குகளின் மேல் தோட்டத்துப் பெயரையும் ரகத்தையும் எழுதி எழுதிப் பழகிய கை. மேலே டவர் கிடைக்காது, டிவி கிடையாது, சாயங்காலம் ஆனால் மழை. ஆகவே என் பள்ளிக்கூடத்து அட்லஸை எடுத்துப் போய், பழைய அட்டைப் பெட்டிகளைச் சீட்டு சீட்டாக நறுக்கி, முன்பக்கம் நாடு, பின்பக்கம் கண்டம் என்று எழுதிக் கொண்டுவருவார். கண்டத்துக்கு ஒரு கட்டு, கட்டுக்கு ஒரு ரப்பர் பேண்டு. ஞாயிற்றுக்கிழமை பக்கோடாப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு என்னிடம் கேள்வி கேட்பார். தேர்வாணையமே வந்து எங்கள் வீட்டுக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

ஒரு புதன்கிழமை நூலக வாசிப்பு அறையில் நாங்கள் படிக்கிறவர்கள் எல்லாம் சேர்ந்து மாதிரித் தேர்வு வைத்தோம். இவற்றில் ஆப்பிரிக்காவில் இல்லாத நாடு எது என்று ஒரு கேள்வி. நான் கொஞ்சமும் தயங்காமல் எகிப்து என்று குறித்தேன். விடையைச் சரிபார்த்தவர் பல வருடமாகத் தேர்வு எழுதியே அனுபவசாலி ஆனவர். என் தாளை இரண்டு முறை பார்த்துவிட்டு, "பிரமிடை எப்பங்க ஆசியாவுக்குத் தூக்கிட்டுப் போனாங்க?" என்று கேட்டார். அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

சனிக்கிழமை வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றுவதற்குள் அட்டையை நீட்டினேன்.

"எகிப்து எப்படி ஆசியாவுல வந்துச்சு?"

"ஒரு துண்டு ஆசியாவுல கெடக்குல்ல. கால்வாய்க்கு இந்தப் பக்கம். அட்லஸ்ல நல்லாப் பாரு."

"துண்டுதான மாமா. மிச்சம் பூராவும் ஆப்பிரிக்காவுல கெடக்கே."

"பின்னே?" என்றார். இந்தப் 'பின்னே' தோட்டத்து மலையாளத்துக்காரர்களிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அதைச் சொல்லிவிட்டால் வாதம் முடிந்துவிட்டது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. "ரெண்டுலயும் கெடந்தா பெருசுல தள்ளணும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஏலக்காயைச் சல்லடையில் போட்டு ஆட்டினால் சின்னது கீழே விழும், பெரியது மேலே நிற்கும். சில காய் விழாமலும் நிற்காமலும் சல்லடைக் கண்ணிலேயே சிக்கிக்கொள்ளும். அதை விரலால் நெம்பிப் பெரிய ரகத்தோடு தள்ளிவிடுவது அவர்கள் ஸ்டோர் வழக்கம். முதலாளிக்கும் அதில் சந்தோஷம். அந்த நியாயத்தை இவர் உலகத்துக்கே போட்டிருக்கிறார். இரண்டு கண்டத்தில் கிடக்கும் நாடா? எந்தக் கண்டம் பெரிதோ அதில் தள்ளு.

மற்றக் கட்டுகளையும் பிரித்துப் பார்த்தேன். ரஷ்யா, துருக்கி, கஜகஸ்தான் எல்லாம் ஆசியா. அதுவரைக்கும் பொறுத்துக்கொள்ளலாம். ஆப்பிரிக்கக் கரையில் ஸ்பெயினுக்கு இரண்டு சின்ன ஊர் இருப்பதை எப்படியோ கண்டுபிடித்து, ஸ்பெயினை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியிருந்தார். கிரீன்லாந்துக்காக டென்மார்க் வட அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியிருந்தது. தென் அமெரிக்காவில் பிரான்சுக்கு ஒரு துண்டு நிலம் இருக்கிறதாம், அந்தக் கட்டில் பிரேசிலுக்கு அடுத்தபடியாக பிரான்ஸ் இருந்தது. ஐரோப்பாக் கட்டு பாவம், மெலிந்து போய்க் கிடந்தது.

தேர்வில் இந்தத் தீர்ப்பெல்லாம் செல்லாது என்று பொறுமையாக விளக்கினேன். எகிப்து ஆப்பிரிக்கா, பிரான்ஸ் ஐரோப்பா. ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் 'இரண்டிலும்' என்று தனிக்கட்டு போடச் சொன்னேன். அதற்குத்தான் அவருக்குக் கோபம் வந்தது.

"சிக்குன காய்க்குன்னு தனிக்கூடை வச்சேன்னு வையி, சாயங்காலம் பாத்தா எல்லாக் காயும் அதுலதான் கெடக்கும். தரம் பிரிக்கிற சோலியே வேணாம், வீட்டுக்குப் போயிரலாம்."

"இது காய் இல்ல மாமா, நாடு."

"செரி. எழுதிக் கொண்டாரேன்" என்று தப்பு அட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை வந்தார். எகிப்து ஆசியாவிலேயே இருந்தது. மலையில் கரண்டு இல்லையாம். அதற்கடுத்த வாரம், அட்டை தீர்ந்துவிட்டதாம். அட்டைப் பெட்டி இல்லாத ஏலக்காய் ஸ்டோர் உலகத்தில் அது ஒன்றுதான் போலிருக்கிறது. மூன்றாவது வாரம் பேனா மை உறைந்துவிட்டது என்றார். போடிமெட்டில் பனி பெய்து துருவக்கரடி நடமாடுகிறதா என்று கேட்டேன். பக்கோடா தின்றார். நானே திருத்தியிருக்கலாம்தான். எழுதியவர்தான் திருத்த வேண்டும் என்று எனக்கும் ஒரு பிடிவாதம்.

தேர்வுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. கட்டைக் கலைத்து அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தார். எகிப்து வந்தது. ஆப்பிரிக்கா என்றேன். அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் அடியில் சொருகினார். எட்டிப் பிடுங்கினேன். அதே ஆசியா, அதே முத்து முத்தான எழுத்து.

"ஒண்ணு கேக்கவா மாமா? நான் தேறவே கூடாதுன்னு இருக்கீங்களா?"

கேலியாகத்தான் கேட்டேன். சிரித்துவிட்டு ஏதாவது ஒரு 'பின்னே' போடுவார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த கட்டை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிலில் வைத்தார்.

"மொதல்ல எழுதுனது தெரியாம எழுதுனதுதான். நீ தப்புன்னு சொன்ன பெறகு திருத்தல பாரு, அது தெரிஞ்சுதான்."

அட்டையைக் கட்டிலில் போட்டேன். அவரே பேசினார்.

"கீழ வந்து நான் என்ன செய்ய? காயைக் கையில அள்ளுனா ரகம் சொல்லுவேன். வேற ஒண்ணும் தெரியாது. மேல நான் ஒரு வார்த்தை சொன்னா சல்லடை நிக்கும். இங்கன நீ ஆபீசுக்குப் போயிருவ, நான் கதவைப் பூட்டிக்கிட்டுத் தெருத்தெருவா நடக்கவா?"

"போடியில ஏலக்காய்க் கடைக்கா பஞ்சம்?"

"இருக்கு. அங்க போயி நான் ஒருத்தங்கிட்ட வேலை கேட்டு நிக்கணும்."

பயம் என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதில்லை. அன்றும் அவர் அதைச் சொல்லவில்லை. ஆனால் எனக்குப் புரிந்தது, புரிந்ததால் கோபம் குறைந்துவிடவும் இல்லை. ஒரு வருடமாக மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்கிறவர், நான் தோற்றால் தேவலை என்று நினைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார். அவமானமாக இருந்தது. "வேலை எனக்கு வேணுங்கிறதுக்காகப் படிக்கல. நீங்க எறங்கி வரணும்னுதான் படிக்கிறேன்" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. பேனாவை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

ஆசியாவை ஒரே கோட்டில் அடித்து, அடியில் ஆப்பிரிக்கா என்று எழுதினார். பிரான்சையும் ஸ்பெயினையும் டென்மார்க்கையும் ஊருக்குத் திருப்பி அனுப்பினார். ரஷ்யா, துருக்கி அட்டைகளைத் தனியாக எடுத்து, ரப்பர் பேண்டு போட்டு, என் பக்கம் தள்ளினார். அன்று பக்கோடாவை இரண்டு பேரும் தொடவில்லை.

தேர்வில் எகிப்தும் வரவில்லை, துருக்கியும் வரவில்லை. தேறிவிட்டேன். சான்றிதழ் சரிபார்த்து, ஆணை வாங்கி, வேலையில் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. அலுவலகம் போடியிலிருந்து பஸ்சில் போய்விடும் தூரம்தான். அவர் இன்னும் சனிக்கிழமை சாயங்காலம்தான் இறங்குகிறார். இந்தக் காய்ப்பு முடியட்டும் என்று முதலாளி சொன்னாராம். முதலாளி சொன்னாரா, இவர் சொல்லச் சொன்னாரா என்று நான் விசாரிக்கவில்லை.

போன திங்கட்கிழமை விடிகாலை, தெருமுனையில் ஜீப்பு ஹாரன் அடித்தது. அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். சாப்பாட்டுப் பையைக் கொடுத்துக்கொண்டே, "எனக்கு இது பிடிக்கல மாமா" என்றேன்.

"எனக்குந்தான் புடிக்கல" என்றார். பையை வாங்கிக்கொண்டு ஜீப்புக்குப் போனார்.