ஒப்படைத்தவள் சொன்னது

எங்கள் தறிப்பட்டறைக்கு நூல் சுற்ற வந்தவள் அவள். போர் முடிந்தபின் இலங்கையிலிருந்து படகில் வந்து, பள்ளிபாளையத்துக்குப் பக்கத்து முகாமில் மகளோடு இருந்தாள். மூத்த மகனை அங்கேயே இழந்துவிட்டாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். மேலே நான் கேட்டதில்லை.

மாசியில் ஒருநாள் வந்து நின்றாள்.

"அக்கா, காணாமல் போன ஆக்களைப் பற்றி அங்கை விசாரிக்கினம். நாளைக்குப் போனிலை கூப்பிடுவினமாம். முகாமிலை ஒரே சத்தம். உங்கடை வீட்டிலை இருந்து கதைக்கட்டோ?"

எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கமே தறி ஓடும். கணவரிடம் சொன்னேன்.

"அதுக்கென்ன, நிறுத்திப்போடலாம். பக்கத்து ஊட்டுத் தறியையும் நிறுத்தச் சொல்லிப்போட்டு வாரேன்" என்று செருப்பை மாட்டினார்.

மறுநாள் போனைச் சொம்பில் சாய்த்து வைத்தோம். திரையில் ஓர் அதிகாரியும் மொழிபெயர்ப்பாளரும் தெரிந்தார்கள். அவள் நிதானமாகச் சொன்னாள். போர் முடிந்த கையோடு, இயக்கத்தில் ஒருநாள் இருந்தவர்கள்கூட வந்து பதிய வேண்டும், விசாரித்து விட்டுவிடுவோம் என்று ராணுவம் ஒலிபெருக்கியில் அறிவித்தது. மகன் தயங்கினான். இவள்தான் தேற்றி அழைத்துப்போனாள். அவனைப் பேருந்தில் ஏற்றினார்கள். அதன்பிறகு தகவல் இல்லை.

மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் சொல்ல ஆரம்பித்தார். தடுப்பு முகாமில் இருந்தபோது அவளுக்கு அந்த மொழி கொஞ்சம் பழகியிருந்தது. இடையில் நிறுத்தினாள்.

"ஐயா, காணாமல் போனவன் எண்டு சொல்லுறியள். அவன் காணாமல் போகேல்லை. நான் கொண்டுபோய் ஆமியின்ரை கையிலை குடுத்தனான்."

"எல்லாம் ஒண்டுதானே அம்மா" என்றார் அவர்.

"ஒண்டில்லை. காணாமல் போனவனை நான் தேடவேணும். குடுத்தவனுக்கு அவையள்தான் பதில் சொல்லவேணும்."

குரல் உயரவேயில்லை. மொழிபெயர்ப்பாளர் அதிகாரியிடம் அதை மாற்றிச் சொன்னார். ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுத் தலையசைத்தாள். விசாரித்துத் தெரிவிப்பதாக அதிகாரி சொன்னார். இதுவரை ஒன்றும் வரவில்லை.

போன் அணைந்ததும் அவள் அழுதாள்.

"அவன் மாட்டன் எண்டவன் அக்கா. நான்தான் போகச் சொன்னனான். அதையும் சொல்லியிருக்கவேணும்."

"சொல்லிப்போட்ட சாமி. நான் கேட்டுட்டுதான இருந்தேன்."

அவள் முகம் கழுவி வெளியே வரும்வரை கணவர் தறியை ஓட்டவில்லை.

இப்போதெல்லாம் நூல் சுற்றும்போது மகனைப் பற்றி அவளாகவே பேசுகிறாள். குழம்பு எவ்வளவு காரமாக இருந்தாலும் சாப்பிடுவானாம். நாயைக் கண்டால் மட்டும் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவானாம்.