ரப்பர் தோட்டத்துப் பெண்ணுக்குத் தேயிலைக் கூடை

மாத்தளை நகரை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தேன். த்ரீவீல் ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை மெதுவாக்கி என் நெற்றியைப் பார்த்தார். "என்னாண்ணே, எங்கயாச்சும் முட்டிக்கிட்டீங்களா?"

"கொழுந்துக் கூடையோட கயிறு அழுத்தின தடம்" என்றேன்.

"ஆம்பளைக்கு எதுக்குக் கூடை?" என்று சிரித்துவிட்டுப் போனார். அதே கேள்வி எனக்கும் இருந்தது. கையில் சுருட்டிய ஒரு படம். பின்னால், மேட்டில், ஒரு தனியார் ஓவியக் கல்லூரி. பட்டப்படிப்பு மாணவர்கள் பார்த்து வரைவதற்காக அசையாமல் நிற்பது அங்கே என் வேலை. சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டேன்.

கோத்தகிரியில் இதைப் படிக்கும் நம் தாயகம் திரும்பியோர் காலனிக்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். இலங்கையில், இந்த மாத்தளையில் பிறந்த என் அப்பாவை, இரு நாட்டு ஒப்பந்தப்படி சின்ன வயதிலேயே கப்பலேற்றி அங்கே கொண்டுபோனார்கள். சாகும்வரை அவரைப் பெயர் சொல்லி யாரும் அழைக்கவில்லை. 'சிலோன்' என்றுதான் கூப்பிட்டார்கள். நான் எட்டாவதோடு நின்று, திருப்பூர்ச் சாயப்பட்டறை, கோவை லாரிச் செட்டு என்று அலைந்து, அவர் பிறந்த ஊரைப் பார்க்க வந்தவன். விசாவைப் பற்றிக் கேட்காத வேலையாகப் பார்த்துச் செய்து தங்கிவிட்டேன். இங்கே டீக்கடையில் உட்கார்ந்தால், கேட்காமலே ரோல்ஸும் வடையும் நிறைந்த தட்டை முன்னால் வைத்துவிடுகிறார்கள். வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். யார், எங்கிருந்து என்ற விசாரணை கிடையாது. முதல் நாள் அந்தத் தட்டைத் தொடவே எனக்குப் பயமாக இருந்தது.

கல்லூரியில் எல்லாவற்றுக்கும் விசாரணை. காலையில் எல்லோரும் பாயில் வட்டமாக உட்கார வேண்டும். ஒரு கூழாங்கல் கை மாறும். யார் கையில் கல் இருக்கிறதோ அவர் மனதில் உள்ள வலியைச் சொல்ல வேண்டும். நடத்துகிற மிஸ் யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஆஸ்திரேலியாவில் படித்தவர், குரல் பஞ்சு மாதிரி. முதலில் எனக்கும் பிடித்திருந்தது. பிறகுதான், நன்றாக அழுகிறவர்களுக்கு ஜன்னலோரத்து மேசை கிடைப்பதைக் கவனித்தேன். அதற்குப்பின் அந்தக் கல்லைத் தொட்டால் கை கழுவத் தோன்றும்.

யோகேஸ்வரி அழமாட்டாள். ரத்தோட்டைப் பக்கத்து எஸ்டேட் பெண், முதல் வருடம். பஸ் வரைவாள். இங்கத்துப் பிரைவேட் பஸ்களின் உடம்பெல்லாம் மயிலும் நெருப்பும் பாய்வதைப் பார்த்திருப்பவர்களுக்கு அவள் ஆசை புரியும். மிஸ்ஸுக்குப் புரியவில்லை. "பஸ் பிறகு கீறலாம் பிள்ளை. உம்மட வலி தேயிலைக்குள்ள கிடக்கு."

"எங்க தோட்டம் ரப்பரு மிஸ். கொழுந்தே கெடையாது. அம்மா பால் வெட்டுறாங்க."

"அவசரமில்லை. உமக்குச் சொல்லோணும் போல இருக்கேக்க சொல்லும்."

அவள் என்னைப் பார்த்தாள். "என்னாண்ணே இவங்க, ரப்பருன்னு சொன்னதுக்கு என்னமோ மறைக்கிற மாதிரி பாக்குறாங்க?"

அடுத்த வாரம் என் தலையில் கூடையை மாட்டினார்கள். வெளிநாட்டு விருந்தினர் வரும் கண்காட்சிக்காம். "அண்ணே, சாமி ஊர்வலத்துல தொலைஞ்ச ஆள் மாதிரி நிக்கிறீங்க" என்று யோகேஸ்வரி சிரித்தாள். சிரித்தது அவள் மட்டும்தான். பஸ் படம் சுவரில் ஏறாவிட்டால் படிப்பை விட்டுவிடுவதாக அவள் சொல்லியிருந்தாள். அம்மா கார்மெண்ட் தையல் தொழிற்சாலையில் இடம் சொல்லிவைத்திருந்தார்.

கண்காட்சி அன்று நடுச்சுவரில் கூடையோடு நான் தொங்கினேன். பக்கத்தில் கூடையோடு நானே நின்றேன். மிஸ் யோகேஸ்வரியின் தோளை அணைத்தபடி, விருந்தினர்களிடம் ஆங்கிலத்தில் அவள் கதையைச் சொன்னார். தேயிலை, அட்டைக்கடி, பசி. சொல்லச் சொல்ல மிஸ்ஸின் கண் கலங்கியது. கைதட்டினார்கள்.

"ஏம் பஸ்ஸு எங்க மிஸ்?"

மிஸ் அவளை இன்னும் இறுக்கிக்கொண்டார். "அழும் பிள்ளை. இது உம்மட இடம்."

கோத்தகிரிப் பள்ளியில் எங்கள் வாத்தியார் சிலோன் பிள்ளைகளைக் கடைசி வரிசையில் போட்டு அடித்தார். அந்த அடியை நான் மெச்சவில்லை. அவர் அடித்தார், இவர் அணைத்தார். இரண்டு பேருமே கையிலிருந்த சிலேட்டைப் பார்க்கவில்லை.

அலமாரிக்குப் பின்னாலிருந்து பஸ்ஸை எடுத்துவந்து யோகேஸ்வரி என்னிடம் நீட்டினாள். "வச்சிக்கங்க அண்ணே. நாளைக்கு நான் கார்மெண்ட் பஸ்ல ஏறிருவேன்." கூடையைக் கழற்றி விருந்தினர் நாற்காலி ஒன்றில் வைத்துவிட்டு நடந்தேன்.

மறுநாள் காலை, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஊரே நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவரின் டீக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். மேசைகளுக்குத் தட்டு வைக்கிற வேலை. வந்ததும் முதல் காரியமாக, அவர் அனுமதியோடு, பஸ் படத்தைக் கண்ணாடி அலமாரியில் ஒட்டினேன். கலேவெல பஸ் கண்டக்டர் ரோல்ஸைக் கடித்தபடி அதைப் பார்த்தார். "சைட் கண்ணாடி இல்லாம இது போற வழியில நாலந்தாவக்கூடத் தாண்டாது."

கார்மெண்ட் பஸ்ஸுக்காக நின்ற யோகேஸ்வரி அதைக் கேட்டு உள்ளே வந்தாள். "பாக்குறவங்களுக்கு மயிலு நல்லா தெரியணும்னு விட்டேன்."

"மயிலப் பாத்துக்கிட்டே பின்னால வர்ற லொறியில அடிபடவா, தங்கச்சி? மயிலு நல்லாத்தான் இருக்கு. கண்ணாடியப் போடு."

கல்லாவிலிருந்த பேனாவை எடுத்து, அலமாரியோடு சாய்ந்து நின்றே போட ஆரம்பித்தாள். கார்மெண்ட் பஸ் வந்து ஹாரன் அடித்தது. நிமிரவில்லை. அது போனபிறகு கேட்டாள்: "அண்ணே, அந்தக் கல்லு வட்டம் முடிஞ்சிருக்குமா?"

"முடிஞ்சிருக்கும். கிளாஸ் இனித்தான்."

"அப்ப சரி."

"இந்தியா, அந்த மேசைக்குத் தட்டு" என்று நானா கூப்பிட்டார். கோத்தகிரியில் அப்பா திரும்புவதுபோல, முதல் அழைப்பிலேயே திரும்பினேன்.