ஜெர்மன் படத்துக்கு நான் எழுதிய கன்னடம்

மைசூரில் ஒரு திரைப்படக் குழு பழைய ஜெர்மன் பாட்டுப் படம் ஒன்றைத் திரையிட ஏற்பாடு செய்தது. மேடையில் வருஷக்கணக்கில் ஓடிய இசை நாடகத்தைப் படமாக எடுத்திருந்தார்கள். ஜெர்மன் கடிதங்களை மொழிபெயர்ப்பது அப்போது என் அலுவலக வேலை. குழுவின் செயலாளர், ஓய்வு பெற்ற பேராசிரியர், கன்னடத்தில் சப்டைட்டில் எழுதித் தரச் சொன்னார். என்னைப் போலவே வீட்டில் தமிழ் பேசுகிறவர்தான் அவரும். நான் கர்நாடக எல்லையோரக் கொள்ளேகாலத்துக்காரி, படித்ததெல்லாம் கன்னடத்தில். உடனே ஒப்புக்கொண்டேன்.

இரண்டு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட மிஞ்சவில்லை. வசனம் எப்படியோ வந்துவிட்டது. பாட்டுதான் உயிரை வாங்கியது. அரண்மனை விருந்தில் தன்னைப் பிரபு என்று நினைத்துக் கும்பிடுகிறவர்களைக் கேலி செய்து பிரபுவின் உடையில் இருக்கும் ஒரு குதிரைவண்டிக்காரன் பாடுவான். அதில் இருந்த ஜெர்மன் சிலேடை கன்னடத்தில் நிற்கவில்லை. அதை விட்டுவிட்டு, 'கும்பிடு என் சட்டைக்கு, நான் சும்மா உள்ளே இருக்கிறேன்' என்று பொருள் வரும்படி நானாகவே கன்னடத்தில் ஒரு வரி எழுதினேன்.

படம் பார்க்க அம்மா கொள்ளேகாலத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள். அந்த வரிக்கு அரங்கமே சிரித்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். முடிவில் பெயர்கள் ஓடின. கன்னட மொழிபெயர்ப்பு என்ற இடத்தில் செயலாளருடைய கன்னடக்கார மருமகளின் பெயர்.

"ஏங் கண்ணு, உம்பேரக் காணமே?" என்றாள் அம்மா.

வாசலில் அவரைப் பிடித்துக் கேட்டேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தமிழில் மெதுவாகச் சொன்னார்:

"பேஜார் பண்ணிக்காதீங்கம்மா. தமிழ்க்காரி எழுதின கன்னடம்னு தெரிஞ்சா தப்பு கண்டுபிடிக்கன்னே உக்காருவாங்க."

"உங்க மருமகளுக்கு ஜெர்மன் தெரியுமா சார்?"

"வந்தவங்கள்ல யாருக்கும்மா தெரியும்?"

அம்மா பக்கத்தில் நின்றாள். அவள் முன்னால் சண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அவர் நீட்டிய டீயை வாங்கிக் குடித்தேன். அவரைக்கூட மன்னித்துவிடலாம். அந்த டீயைக் குடித்த என்னை இன்னும் மன்னிக்க முடியவில்லை.

ஆறு மாதம் கழித்து, எதுவுமே நடக்காததுபோல், அடுத்த படத்துக்குக் கூப்பிட்டார்.

"என் பேரப் போடுறதா எழுதிக் குடுங்க சார்" என்றேன்.

"யோசிச்சுச் சொல்றேம்மா" என்று போனை வைத்தார். பிறகு கூப்பிடவேயில்லை. அந்தப் படத்தை வெறும் ஆங்கில சப்டைட்டிலோடு ஓட்டினார்கள். கூட்டத்துக்கு ஒன்றும் குறைவில்லையாம்.