பக்கத்துப் படுக்கையின் முடிவு

எதையும் இரண்டு தடவை சரிபார்ப்பாள் என்பதால் அந்த மென்பொருள் அலுவலகத்தில் அவளுக்கு 'ஆமை' என்று பெயர். மருத்துவமனைகளுக்கான பரிசோதனைத் திரையை, உலாவிக்குள் வேகமாக ஓடும் வெப் அசெம்ப்ளியில் எழுதியவள் அவள்தான். அவளுடைய நிரல், உலாவியின் மொழியான ஜாவாஸ்கிரிப்டிடம் ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்கும். பதில் வந்ததும் கால்பேக் என்னும் சிறு நிரல்துண்டு அதை வாங்கித் திரையில் போடும். பதில் வருவதற்குள் நர்ஸ் அடுத்த நோயாளியின் பக்கத்துக்குப் போய்விட்டால், முந்தையவரின் முடிவு இவர் பெயருக்குக் கீழே வந்து உட்கார்ந்துவிடும். இது யாருக்கான பதில் என்று சரிபார்க்கும் வரிகளைச் சேர்க்க அவள் அவகாசம் கேட்டாள்.

"ஆமைக்கு இன்னும் ரெண்டு நாள் வேணுமாம்" என்றார் மேலாளர். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து மழுப்பிவிட்டு அந்த வரிகள் இல்லாமலே நிரலை அனுப்பிவிட்டாள்.

மூன்றாம் மாதம், ஒரு லாரி ஓட்டுநருக்குப் பொட்டாசியம் குறைவு என்று திரை காட்டியது. அது பக்கத்துப் படுக்கைக்காரரின் முடிவு. பொட்டாசியம் ஏற்றினார்கள், அளவு மிஞ்சி இதயம் நின்றுபோனது.

விசாரணையில் மேலாளர் பழியை அன்று பணியில் இருந்த நர்ஸம்மா தலையில் கட்டினார். நிரல் எழுதியவள் எழுந்தாள்.

"அவங்க மேல தப்பில்ல சார். இப்படி ஆகும்னு எனக்கு முன்னாடியே தெரியும்."

நர்ஸம்மா வேலைக்குத் திரும்பினார். இவளுக்கு அன்றோடு வேலை போயிற்று. வெளியே வந்தவளை ஓட்டுநரின் மனைவி நிறுத்தினாள்.

"தெரிஞ்சுதான் விட்டியாம்மா?"

"ஆமாக்கா."

அந்தப் பெண் திட்டவில்லை. படியிறங்கிப் போனாள்.