தாழையும் வெள்ளைக்கொக்கும்

கொக்கு நிற்கும் இடத்தில் முழங்காலளவுதான் தண்ணீர். வாவியை நடந்து கடக்கும் எங்கள் ஊராருக்கு இதற்குமேல் ஒரு சாத்திரம் தேவைப்பட்டதில்லை. மாரியில் தண்ணீர் கலங்கி அடி தெரியாமல் போனால், கொக்கைத் தேடி அதை நோக்கி நடப்போம்.

அந்த மாரியில் என் நாலு வயது மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். வைத்தியம் பார்த்த பரியாரியார் கையை விரித்துவிட்டு, அக்கரையிலுள்ள பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். வெள்ளத்தில் தோணி ஓடவில்லை. பிள்ளையைத் தோளில் இருத்திக்கொண்டு, விடியற்பனிக்குள் தண்ணீரில் இறங்கினேன். மனைவி துணிமூட்டையோடு பின்னால் வந்தாள்.

எதிரே, ஒன்றுக்கொன்று பத்துப் பதினைந்து அடி இடைவெளியில் இரண்டு வெள்ளைகள் தெரிந்தன. ஒன்று கொக்கு, மற்றது வெள்ளத்தில் பாதி மூழ்கிய தாழையின் பூ. எது எதுவென்றுதான் தெரியவில்லை. காற்றுக்குப் பூ அசையும், கொக்கு அசையாது என்று நினைத்தேன். பிறகு, உயிருள்ளதுதானே அசையும் என்று தோன்றியது. பார்க்கப் பார்க்க இரண்டும் அசைந்தன, இரண்டும் அசையாமலும் நின்றன. தலை சுற்றியது. ஆனாலும் மனைவியிடம் தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. வலப்பக்கம் திரும்பினேன்.

"அது தாழை! பூ வாசம் வருகுது, உங்களுக்கு மணக்கல்லியா?" என்றாள்.

எனக்குத் தடிமன் பிடித்து மூக்கடைத்திருந்தது. அதையும் சொல்லவில்லை. "பேசாம வா புள்ள!" என்று அதட்டினேன்.

தண்ணீர் இடுப்பைத் தாண்டி நெஞ்சுக்கு ஏறியது. "கொக்கெண்டா இவ்வளவு கிட்டப் போகவும் நிக்குமா?" என்று அவள் கத்தும்போதே இடப்பக்கத்து வெள்ளை எழுந்து பறந்தது. அதே நேரம் என் கால் நிலைகொள்ளாமல் போனது. ஒரு கையால் பிள்ளையைத் தூக்கிப் பிடித்து, மறுகையால் தாழை மடலை எட்டிப் பிடித்தேன். முள் உள்ளங்கையைக் கிழித்தது. விட்டிருந்தால் பிள்ளை போயிருப்பாள்.

மனைவி கொக்கு எழுந்த இடத்துக்குப் போய் நின்றாள். முழங்கால் தண்ணீர்தான். மூட்டையை அவிழ்த்துச் சேலையை எறிந்து எங்களை இழுத்தாள். பிள்ளையைத் தன் தோளுக்கு வாங்கிக்கொண்டாள்.

மெய் சொன்ன கொக்கு பறந்துவிட்டது. ஏமாற்றிய தாழைதான் தாங்கியது. எதற்கு நன்றி சொல்வது என்று இன்றும் எனக்குக் குழப்பம்தான். ஆஸ்பத்திரியில் பிள்ளை பிழைத்தாள்.

அன்று கரையேறியதும் தடிமனைப் பற்றிச் சொன்னேன்.

"அதையாவது முந்தியே சொல்லியிருக்கலாமே" என்றாள். பிள்ளையை வாங்கக் கை நீட்டினேன். அவள் தரவில்லை.