தூக்கத்தில் நின்ற மூச்சு

கல்முனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். பரீட்சைத் தாள் திருத்தும்போதே தலை சாய்ந்துவிடும். தைரொயிட் குறைவென்று கண்டுபிடித்து, வெறும் வயிற்றில் குளிசை போடத் தொடங்கிப் பல மாதமாகியும் அசதி போகவில்லை. இரத்தப் பரிசோதனை மட்டும் சரியாக வந்தது. வீட்டுக்கும் பாடசாலைக்கும் அலைகிற களைப்பு என்று கிளினிக்கில் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

ஒருநாள் பாடசாலை விட்டு மகளையும் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டியில் வரும்போது, பாண்டிருப்புப் பக்கத்தில் கண் செருகிவிட்டது. சில்லு வீதியோர மணலில் இறங்கிய குலுக்கலில்தான் விழித்தேன். பின்னால் மகள் என் இடுப்பைப் பிடித்தபடி இருந்தாள். இருவருக்கும் காயமில்லை. ஆனால் மறுபடி ஏறி ஓட்டத் துணியாமல், ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்தேன்.

அன்றைக்குத்தான் கணவர் வாய் திறந்தார்.

“நீ விடுறது வெறும் குறட்டையில்ல புள்ள. நடுவுல மூச்சே நிக்கிது. பொறகு திணறிப்போய் இழுக்கிறாய். வெக்கப்படுவாய் எண்டுதான் சொல்லல்ல.”

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் மகள் விழுந்திருந்தால்? அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். உடம்பு எடை குறைந்தால் சரியாகும், பொறுத்துப் பார்ப்போம் என்றார். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.

“பொறுக்க ஏலாது டொக்டர். ரத்தம் சரியெண்டா இந்தத் தூக்கம் எங்கயிருந்து வருகுது?”

அவர் என் தொண்டையை நன்றாகப் பார்த்தார். தைரொயிட் குறைந்தால் சிலருக்கு நாக்கும் தொண்டையும் தடித்து, தூக்கத்தில் மூச்சுப் பாதை அடைபடலாம் என்றார். என் விஷயத்தில் அதுதான் காரணமென்று உறுதியாகச் சொல்ல முடியாதாம். தைரொயிட் குறைவும் இந்த மூச்சடைப்பும் ஒரே மாதிரிக் களைப்பைத் தருவதால் ஒன்றுக்குப் பின்னால் மற்றது மறைந்து நிற்கும் என்றார். தூக்கப் பரிசோதனைக்குக் கொழும்புக்கு அனுப்பினார்.

தூக்கத்தில் மூச்சு தடைபடுவது அங்கே உறுதியானது. காற்றை அழுத்தி அனுப்பும் ஒரு மெஷினும், மூக்கில் மாட்ட ஒரு மாஸ்க்கும் வந்தன. ஆரம்பத்தில் மூச்சு முட்டி, அதைக் கழற்றி எறிந்தேன். விடக்கூடாது என்று, மதியம் லுஹர் தொழுதுவிட்டு விழித்திருக்கும்போதே மாட்டிக்கொண்டு பழகினேன். மெல்ல மெல்ல உடம்பு இணங்கியது. விடியற்காலை சுபஹு தொழுகைக்கு எழும்பும்போது தலை தெளிவாக இருப்பதே எனக்குப் புதிதாக இருந்தது. குளிசையையும் நிறுத்தவில்லை.

பெருநாளைக்குப் பொத்துவிலில் இருக்கும் என் அக்கா, ராத்தா வீட்டுக்கு மெஷினையும் கொண்டு போனேன். ராத்தா அதை உற்றுப் பார்த்துவிட்டு, தன் கணவருக்கும் தூக்கத்தில் இப்படித்தான் மூச்சு நிற்கிறது, சொன்னால் கேட்கிறாரில்லை என்றார்.

“நான் கதைக்கிறன்,” என்று மச்சானைத் தேடி முற்றத்துக்குப் போனேன்.